மாடிக்கு ஒரு பின்வாசல் சாவி

பதுருன்னிஸாவுக்குச் சந்தேகப்படக் காரணம் எதுவும் வேண்டியதில்லை. கொஞ்சம் நேரம் இருந்தால் போதும். நேரமோ அவளிடம் நிறைய இருந்தது. கணவர் மௌத்தாகி, அடக்கம் முடிந்து சில வருஷம் ஆகிவிட்டது. ஒரே மகள் ஸஹ்லா மஸ்கட்டில். காயல்பட்டினத்து வீட்டில் அவள் ஒருத்திதான். மீன்காரர் தராசைத் தூக்கினால் எல்லாரும் முள்ளைப் பார்ப்பார்கள், இவள் அவருடைய சுண்டுவிரலைப் பார்ப்பாள். பால் பாக்கெட்டை மோந்து பார்த்துத்தான் உள்ளே எடுத்துப்போவாள். யாராவது சும்மா பார்த்துச் சிரித்துவிட்டால், எதற்குச் சிரித்தாள் என்று அன்றைக்கு முழுக்க யோசிப்பாள். தன்னை இதுவரை யாரும் ஏமாற்றியதில்லை, அதற்குத் தன் சந்தேகம்தான் காரணம் என்று அவளுக்கு உறுதியான எண்ணம். அவளை ஏமாற்ற யாரும் முயன்று பார்த்ததே இல்லை என்பது வேறு விஷயம்.

இப்போது அந்தச் சந்தேகம் முழுவதும் மாடியைச் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். மகளுக்குக் கல்யாணம் என்றால் வீட்டை அவள் பெயருக்கு எழுதிவிடுவார்கள். மாப்பிள்ளைதான் பெட்டி படுக்கையோடு வந்து குடியேறுவார். பதுருன்னிஸாவுக்கு அவள் உம்மா கொடுத்த வீடு அது. ஸஹ்லாவின் கல்யாணத்தின்போது அதை மகள் பெயருக்கு எழுதி, மேலே புதிதாக மாடியும் எடுத்துக் கட்டினாள். மருமகன் சேக் அந்த மாடியில் இருந்தது கொஞ்ச நாள்தான். மஸ்கட்டில் வேலை கிடைத்துப் போனார். ஸஹ்லாவும் கூடப் போய் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகள் இன்னும் இல்லை.

அன்றிலிருந்து வீடு தன்னுடையதல்ல, மகள் தன்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போன அமானிதம் என்றே பதுருன்னிஸா நினைத்து வந்தாள். நம்பிக் கொடுத்த பொருளைக் கொடுத்தபடியே திருப்பித் தர வேண்டும். சுவரில் ஒரு கீறல் விழுந்தாலும் நாளைக்கு மகள் முகத்தில் எப்படி விழிப்பது என்று கவலைப்படுவாள். அவளுடைய சந்தேகங்களில் பாதி இந்தக் கவலையிலிருந்து பிறந்தவை. மீதிப் பாதி பிறவியிலேயே வந்தவை.

பூட்டிக் கிடந்தால் வீடு கெட்டுப்போகும் என்று ஸஹ்லாதான் மாடியைப் போனில் ஒரு ஆப்பில் போட்டு, நாள் வாடகைக்கு விட ஏற்பாடு செய்தாள். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு மட்டும். கல்யாணத்துக்கு வரும் சென்னைக்காரர்கள், சொந்தபந்தம் பார்க்க வரும் கொழும்புக்காரர்கள், சாகுபுரம் பாக்டரிக்கு வேலையாக வரும் இன்ஜினியர்களின் குடும்பங்கள் என்று மாடியில் ஆள் இருந்துகொண்டே இருந்தது. ஸஹ்லா அங்கிருந்து போனில் பேசி ஆளை அனுப்புவாள். பதுருன்னிஸா சாவியைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அவள் அதோடு நிற்கவில்லை. டீ வேண்டுமா என்று கேட்க ஒரு தடவை மாடி ஏறுவாள், டம்ளரை எடுக்க ஒரு தடவை, குழாயை மூடினீர்களா என்று பார்க்க இன்னொரு தடவை. கூட வந்திருப்பது பெண்டாட்டிதானா, பெண்டாட்டி என்றால் ஏன் இவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

கடைசியாக வந்துபோன சென்னைக்காரி, 'வீடு அருமை, வீட்டுக்கார அம்மா படிக்கட்டில் நின்று ஒட்டுக்கேட்கிறார்' என்று ஆப்பில் ஊரறிய எழுதிவைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே ஸஹ்லா கூப்பிட்டாள்.

“உம்மா, படியிலே நின்னு கேட்டியளா?”

“நான் ஏன் கேக்கப் போறேன். முட்டு வலிச்சுது, நின்னேன்.”

“அவங்க புருஷன் பெண்டாட்டி பேசுனதை நீங்கதானே எனக்குச் சொன்னிய.”

“நின்ன இடத்துலே காதுலே விழுந்துது. காதைக் கழத்தி கீழே வச்சுட்டா படி ஏற முடியும்?”

ஸஹ்லா முன்பெல்லாம் இதற்குச் சிரித்திருப்பாள். இப்போது சிரிக்கவில்லை. “ஒரு கோ-ஹோஸ்ட் வச்சுக்கிடுவோம் உம்மா” என்றாள். “நமக்குக் கூட நின்னு வீட்டைப் பாத்துக்கிடுத ஆளு. சாவி, சுத்தம், ஆளு வாறது போறது எல்லாம் அவரு பாப்பாரு. நீங்க மாடி ஏறவே வேண்டாம். உஸாமான்னு ஒருத்தரு, நம்மூருதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம், அசர் தொழுகைக்குப் பொறவு வருவாரு, பேசிப் பாருங்க.”

மாடி ஏறவே வேண்டாம் என்ற சொல் பதுருன்னிஸாவுக்குச் சுருக்கென்று தைத்தது. வீடியோவில் மகளுக்குப் பின்னால் தெரிந்த சுவர் பச்சையாக இருந்தது. போன பெருநாள் வரை அது வெள்ளை. பெயின்ட் அடித்திருப்பார்கள் என்று அதை அப்படியே விட்டுவிட்டு, உஸாமா என்ற பெயரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். முன்பின் தெரியாதவன் கையில் அமானிதத்தின் சாவியைக் கொடுப்பதா வேண்டாமா என்பதைத் தவிர அந்த வாரம் அவளுக்கு வேறு யோசனை இல்லை.

உஸாமா சொன்ன நேரத்துக்கு வந்தான். அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை. சொன்ன நேரத்துக்கு வருகிறவனுக்கு ஏதோ அவசரம் இருக்கிறது. முப்பத்தைந்தைத் தாண்டிய ஆள். துபாயில் ஓட்டல் வரவேற்பில் பல வருஷம் நின்றுவிட்டுத் திரும்பி, இப்போது இங்கேயும் தூத்துக்குடியிலும் இப்படிச் சில வீடுகளைப் பார்த்துக்கொள்கிறான். பதுருன்னிஸா பாதி சாத்திய உள்கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். மாடியைக் காட்ட, வீடு பெருக்க வரும் வடிவம்மாளைக் கூட அனுப்பினாள். இறங்கி வந்தவன் தலையைக் குனிந்தபடியே பேசினான். குனிந்த தலையையும் அவள் கணக்கில் எடுத்துக்கொண்டாள்.

“மாடி நல்லா இருக்கு மாமி. மேலே ஒரு அடுப்பு வைக்கணும். கேஸ் தனியா எடுத்துக்கிடலாம்.”

“ரெண்டு நாளு இருந்துட்டுப் போறவங்களுக்கு அடுப்பு எதுக்கு தம்பி?”

“இல்லே, கூடக் கொஞ்ச நாளு தங்குறவங்க வந்தா…” என்று இழுத்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “பின்வாசல் சாவி ஒண்ணும் மாடிக்கு வேணும்” என்றான்.

பதுருன்னிஸா கதவை இன்னும் கொஞ்சம் சாத்திக்கொண்டாள்.

அவள் வீட்டுப் பின்வாசல் முடுக்கில் திறக்கும். வீடுகளின் முதுகுப்புறமாக ஓடும் குறுகலான சந்துக்கு அங்கே முடுக்கு என்று பெயர். பெண்கள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குத் தெருவில் இறங்காமல் போய்வரும் பாதை அது. ஆண்கள் அதில் கால் வைப்பதில்லை. அவசரமாகக் கடக்க வேண்டியிருந்தால் தூரத்திலேயே கனைத்துவிட்டுத்தான் வருவார்கள். மாடிக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு அப்படி ஒரு வாசல் இருப்பதே தெரியாது. அது எப்போதும் பூட்டித்தான் இருக்கும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த உஸாமாவுக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் கேட்கிறான்.

வடிவம்மாளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, மாடிக்கு எந்த எந்த நாளில் ஆள் வருகிறது என்று போனில் காட்டச் சொன்னாள். காட்டினான். அடுத்த மாதத்துப் பிற்பாதியிலிருந்து எல்லா நாளும் அடைபட்டுக் கிடந்தன.

“இத்தனை நாளுக்கும் ஒரே ஆளா?”

“அது அப்படித்தான் மாமி போட்டிருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அவன் போன பிறகு பதுருன்னிஸா மூன்றையும் சேர்த்துப் பார்த்தாள். அடுப்பு, பின்வாசல் சாவி, அடைத்துப் போட்ட நாட்கள். வந்துபோகிற விருந்தாளிக்கு இவற்றில் ஒன்றும் தேவையில்லை. குடியிருக்கப் போகிறவளுக்குத்தான் அடுப்பு வேண்டும். முடுக்கு வழியாகப் போய்வரப் போகிறவள் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் இவன் யாரோ ஒருத்தியை ஊருக்குத் தெரியாமல் கொண்டுவந்து மாடியில் குடிவைக்கப் போகிறான். கூட்டிக் கழித்துப் பார்த்தால் வேறு விடையே வரவில்லை. தன் புத்தியை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

மகளிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். “அவரு கேக்குறதைச் செஞ்சு குடுங்க உம்மா, நல்ல ஆளுதான்” என்றாள் ஸஹ்லா, களைத்த குரலில். ஆக, பிள்ளையையும் பேசி மயக்கிவிட்டான்.

இனி விசாரிப்பதுதான் பாக்கி. விசாரிப்புக்கு அந்த ஊரில் முடுக்கைப்போல ஒரு இடம் கிடையாது. ஒரு மாப்பிள்ளையைப் பற்றித் தெரிய வேண்டுமானால் யாரும் அவன் வீட்டு முன்வாசலுக்குப் போவதில்லை. முடுக்கில் இறங்கி ஒரு பின்வாசலில் உட்கார்ந்து ஒரு பேச்சைப் போட்டால், அது வாசல் வாசலாகக் கடந்து போய், அவன் எத்தனை வயது வரை படுக்கையை நனைத்தான் என்பது வரைக்கும் தெரிந்துகொண்டு திரும்பி வரும். பதுருன்னிஸா ஸஹ்லாவுக்குச் சேக்கைப் பார்த்தது அப்படித்தான். ஆளை விசாரிக்க அவளுக்குத் தெரிந்த வழியும் அது ஒன்றுதான்.

நாலு வீடு தள்ளியிருக்கும் பாத்துமுத்து லாத்தாவின் பின்வாசலில் போய் உட்கார்ந்தாள். பாத்துமுத்து வயதில் மூத்தவள், அதனால் லாத்தா, அக்கா. கேட்ட பேச்சை வைத்துக்கொள்ள முடியாத நல்ல மனுஷி.

“லாத்தா, உஸாமான்னு ஒரு பையன், துபாய்லே இருந்து வந்திருக்கானே, தெரியுமா?”

“தெரியும். எதுக்குக் கேக்குதே?”

“சும்மாதான். அவனுக்குக் கல்யாணம் ஆயிட்டா?”

“இல்லியே. மூணு தங்கச்சிமாருக்கும் வீடு வச்சுக் கட்டிக் குடுத்துட்டுத்தான் கட்டுவேன்னு நின்னுட்டான். இப்பந்தான் பொண்ணு பாக்காவ.”

“துபாய்லே ஏதும் இருந்துதா? ரகசியமா, அப்படி இப்படின்னு?”

வெங்காயம் அரிந்துகொண்டிருந்த பாத்துமுத்துவின் கை அப்படியே நின்றது. “ஏன் பதுரு?”

“கேட்டுச் சொல்லுங்களேன். குணம் எப்படி, தொழுகை உண்டா, அவன் உம்மா எப்படிப்பட்டவ, எல்லாத்தையுந்தான். நான் கேட்டேன்னு சொல்லாதீங்க.”

வேலைக்கு ஆள் தேடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் காதுக்குப் போய் உஷாராகிவிடுவான் என்று மறைத்தாள். மறுநாளே பதில் வந்து சேர்ந்தது. பையன் தங்கம், உம்மா அதைவிடத் தங்கம், துபாயில் ஒரு வம்பும் இல்லை, ஐந்து வேளையும் தொழுகிறவன். சொல்லி முடித்துவிட்டுப் பாத்துமுத்து, பதுருன்னிஸாவின் கையைப் பிடித்து, “மனசைத் தளர விடாதே, அல்லா போதுமானவன்” என்றாள். முட்டுவலிக்குச் சொல்கிறாள் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

நல்ல பதில் வந்ததில் பதுருன்னிஸாவுக்கு ஏமாற்றந்தான். இத்தனை நல்லவனாக ஒருத்தன் இருக்க முடியாது. மறைப்பதில் கெட்டிக்காரன், அவ்வளவுதான். ஆனாலும் கையும் களவுமாகப் பிடிக்க ஒரு வழி வேண்டுமே என்று, அந்த வாரம் வந்த ஒரு இன்ஜினியர் குடும்பத்தை அவன் பொறுப்பில் விட்டுப் பார்த்தாள். அவர்கள் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. போன அன்று மத்தியானம் வடிவம்மாள் துடைப்பத்தோடு இறங்கி வந்தாள்.

“எக்கா, அந்தத் தம்பி ஒரு பெட்டியைக் கொண்டாந்து மாடி அலமாரியிலே வச்சுப் பூட்டிட்டுப் போறாரு.”

“என்ன பெட்டி?”

“அட்டைப் பெட்டிதான். சுத்தி டேப்பு. தூத்துக்குடி கார்கோ ஆபீசுலே இருந்து எடுத்தாரேன், உள்ளே பெட்ஷீட்டுன்னாரு. பெட்ஷீட்டு அம்புட்டுக் கனமாவா இருக்கும்? தூக்க முடியாமத் தூக்கிட்டுப் போனாரு.”

முட்டுவலியை மறந்து பதுருன்னிஸா மாடி ஏறினாள். கடத்தல் சாமானாக இருக்கலாம். கப்பலில் வந்த பெட்டி என்றால் அந்தக் கரையில் யாருக்கும் முதலில் வருகிற நினைப்பு அதுதான். போலீஸ் வந்தால் யார் பெயரில் இருக்கிற வீடு என்று கேட்பார்கள். ஸஹ்லாவின் பெயர் வரும். அலமாரி இடுக்கில் மூக்கை வைத்து இழுத்தாள். வளைகுடாவிலிருந்து வரும் பெண்களின் துணிமணியில் இருக்குமே, அந்தச் சாம்பிராணி வாசம் வந்தது. கடத்தல் இல்லை. எவளோ ஒருத்தி சாமான்களை முன்னால் அனுப்பிவிட்டாள், ஆள் பின்னால் வரப் போகிறாள்.

இனிப் பொறுப்பதற்கு ஒன்றுமில்லை. உஸாமாவைக் கூப்பிட்டு வேலையும் இல்லை ஒன்றும் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவதென்று போனைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். அப்போது பின்வாசல் கதவைத் தட்டினார்கள்.

திறந்தால் சுலைஹா நிற்கிறாள். சேக்கின் உம்மா, ஸஹ்லாவின் மாமியார். பக்கத்துத் தெருதான், ஆனால் வந்து வெகு நாளாயிற்று. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், ஒரே சஹனில், பலர் சுற்றி உட்கார்ந்து உண்ணும் பெரிய தட்டில், சேர்ந்து சாப்பிடலாம் என்று பதுருன்னிஸா பக்கத்தில் இடம் ஒதுக்கி வைத்திருக்க, சுலைஹா பார்த்தும் பாராததுபோல வேறு தட்டுக்குப் போய்விட்டாள். பெருமை கூடிப்போச்சு என்று இவளும் பேசாமல் இருந்துவிட்டாள். அந்த சுலைஹாதான் இப்போது வேகாத வெயிலில் முடுக்கு வழியாக வந்து நிற்கிறாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

“பதுரு, நான் மனசுலே வச்சுப் பேசத் தெரியாதவ. உன் மவளுக்கு மாப்பிள்ளை விசாரிக்கியாமே.”

பதுருன்னிஸாவுக்கு முதலில் விளங்கவே இல்லை.

“உஸாமாவாமே பேரு. துபாய்லே இருந்தவனாம். பையன் குணம், அவன் உம்மா குணம், எல்லாம் கேட்டு முடிச்சாச்சாம். பாத்துமுத்து வீட்டுலே கெளம்புன பேச்சு எங்க தெரு முடுக்குக்கு வந்து சேந்துட்டு.”

பதுருன்னிஸா சிரித்துவிட்டாள். அடக்க முடியாமல் சிரித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “லாத்தா, அவன் மாடியைப் பாத்துக்கிட வாற ஆளு. ஆளு யோக்கியமான்னு கேட்டா, இந்த ஊரு அவனைக் கட்டிவச்சே விட்டுரும் போல இருக்கே.”

சுலைஹா சிரிக்கவில்லை. “சிரிக்காதே. எம் மவன் மேலே தப்பு இல்லேன்னு நான் சொல்ல வரலே. அவன் செஞ்சது எனக்கே பொறுக்கலே. அதுக்காவ, இத்தா முடியுத வரைக்கும் உனக்குப் பொறுமை இல்லியா? இன்னும் மாசம் கெடக்கே.”

கணவன் இறந்தாலோ, மணமுறிவு ஆனாலோ, அடுத்த கல்யாணப் பேச்சுக்கு முன்னால் ஒரு பெண் காத்திருக்க வேண்டிய காலத்துக்குத்தான் இத்தா என்று பெயர். கணவர் இறந்தபோது பதுருன்னிஸா இத்தா இருந்தவள். அந்தச் சொல் தன் மகளுக்கு எப்படி வந்தது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

“சேக் சுகமாத்தானே இருக்கான்?” என்று கேட்டாள்.

சுலைஹா அவளை உற்றுப் பார்த்தாள். வந்த கோபமெல்லாம் அந்த முகத்திலிருந்து இறங்குவது தெரிந்தது. “அல்லாவே, உனக்குத் தெரியாதா?” என்று மெதுவாகக் கேட்டாள். அதன் பிறகுதான் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்து அவளே சொன்னாள். பிரிந்துவிட்டார்கள். அங்கே வைத்தே முறைப்படி எழுதி முடித்தாயிற்று. ஸஹ்லா, தன்னோடு வேலை பார்க்கும் ஒரு டீச்சர் வீட்டில் இருக்கிறாள், பள்ளிக்கூடம் லீவுக்கு அடைத்ததும் வந்துவிடுவாள். “உனக்குச் சொல்லியிருப்பா, நீ எங்க மேலே கோவமா இருக்கேன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்” என்றாள் சுலைஹா. “அந்தக் கல்யாண வீட்டுலே உன் கூட சஹன்லே கை வச்சா அழுதுருவேன். அதான் தள்ளிப் போனேன்.” எழுந்து போகும்போது பதுருன்னிஸாவின் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள்.

பதுருன்னிஸா திறந்த பின்வாசலில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பச்சைச் சுவர், களைத்த குரல், பாத்துமுத்து கையைப் பிடித்துச் சொன்ன ஆறுதல், அடுப்பு, அடைத்த நாட்கள், சாம்பிராணி வாசம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இப்போது சரியான இடத்தில் போய் உட்கார்ந்தன. மாடியில் ஒரு பெண் குடிவரப் போகிறாள் என்று கண்டுபிடித்ததெல்லாம் சரிதான். யார் என்பதைத்தான் விட்டுவிட்டாள். ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சந்தேகப்பட்டவள், ‘நான் நல்லா இருக்கேன் உம்மா’ என்று மகள் ஒவ்வொரு தடவை சொன்னபோதும் ஒரு கேள்வி இல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டாள். அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

போனைப் போட்டாள். வீடியோ வேண்டாம், குரல் மட்டும்.

“சுலைஹா லாத்தா வந்துட்டுப் போறாவ” என்றாள்.

அந்தப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இரைச்சல் மட்டும் கேட்டது.

“ஏன்ளா என்கிட்டே சொல்லலே?”

“ஒவ்வொரு தடவையும் சொல்லத்தான் உம்மா போனை எடுத்தேன். நீங்க மொதல்லே என்ன கேப்பியன்னு எனக்குத் தெரியும்.”

“என்ன கேப்பேன்?”

“நீ என்ன செஞ்சேன்னு கேப்பிய.”

அந்தக் கேள்வி அப்போது பதுருன்னிஸாவின் நாக்கு நுனியில்தான் நின்றது. அதற்குப் பின்னால் இன்னும் பல கேள்விகள் நின்றன. யார் முதலில் பேச்செடுத்தது, அவனுக்கு வேறு யாரும் உண்டா, இவள் எதிர்த்துப் பேசினாளா, கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா. வாழ்நாளில் ஒரு கேள்வியைக்கூட அவள் விழுங்கியதில்லை. விழுங்குவது இத்தனை கஷ்டமாக இருக்கும் என்றும் தெரியாது.

“அந்தப் பின்வாசல் சாவி எதுக்கு கேட்டே?” என்று மட்டும் கேட்டாள். “ஒரே வீட்டுக்கு எதுக்கு ரெண்டு சாவி?”

ஸஹ்லாவின் குரல் உடைந்தது. “போகையிலே வாரையிலே உங்க வாசலைத் தாண்டாம போயிரலாமேன்னுதான் உம்மா. எங்கே போறா, யாரு கூப்பிட்டா, ஏன் நேரம் ஆச்சுன்னு… எனக்கு இப்ப எதுக்கும் பதில் சொல்ல முடியாது. மாடிலே சும்மா கெடந்தா போதும். அதுக்குத்தான் அவரை வைக்கச் சொன்னேன். அவருகிட்டே சத்தியம் வாங்கிட்டேன், உங்ககிட்டே சொல்லக் கூடாதுன்னு.”

பதுருன்னிஸா அழுதாள். மகளுக்குக் கேட்கட்டும் என்று மறைக்காமலே அழுதாள். மஸ்கட்டில் ஒரு வீடு போனதைவிட, சொந்த வீட்டில் உம்மாவுக்குப் பயந்து திருடிபோல ஒதுங்கிப் போக மகள் வழி தேடியதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கொடுத்தபடி திருப்பித் தர வேண்டும் என்று சுவரையும் தரையையும் காத்துவந்தவள், அந்தப் பிள்ளை வந்து படுக்க ஒரு இடமாக அதை வைத்திருக்கவில்லை.

“அடுப்பை எங்கன வைக்க?” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். “கெணத்துப் பக்கம் வச்சா காத்து அடிக்கும். சன்னல் பக்கம் வைக்கச் சொல்லட்டா?”

அந்தப் பக்கத்தில் ஸஹ்லாவும் அழ ஆரம்பித்தாள். அழுது முடிந்த பிறகு, சன்னல் பக்கமே வைக்கச் சொன்னாள்.

மறுநாள் காலையில் பதுருன்னிஸா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு முடுக்கில் இறங்கினாள். பாத்துமுத்துவின் பின்வாசலில் நாலைந்து பெண்கள் மீன் அரிந்துகொண்டிருந்தார்கள். இவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. நின்ற பேச்சு எதைப் பற்றியது என்று அவள் சந்தேகப்படத் தேவையே இல்லை.

“நான் யாருக்கும் மாப்பிள்ளை பாக்கலே” என்றாள். “அந்தப் பையனை வேலைக்கு விசாரிச்சேன். ஆனா எம் மவ பிரிஞ்சுட்டா, அது நிசந்தான். இனி யாரும் என் முதுகுக்குப் பின்னாலே கேக்க வேண்டாம், என்கிட்டேயே கேளுங்க. அடுத்த மாசம் வாறா. அவ வீட்டுக்கு அவ வாறா, ஒருத்தருக்கும் பாரமில்லே. வந்தப் பொறவு அவகிட்டே யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது. நானே கேக்க மாட்டேன், நீங்களும் கேக்காதீங்க.”

கடைசி வார்த்தையை யாரும் நம்பவில்லை என்பது முகங்களில் தெரிந்தது. பதுருன்னிஸா ஒன்றைக் கேட்காமல் இருப்பதா. பாத்துமுத்து மட்டும் மீன் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, நகர்ந்து இடம் கொடுத்தாள். “உக்காரு. என்னைக்கு வாறான்னு மட்டும் சொல்லு, அன்னைக்கு ராத்திரிச் சோறு எங்க வீட்டுலே இருந்து வரும்.”

அன்று அசருக்குப் பிறகு உஸாமா இன்னொரு பெட்டியோடு வந்தான். முன்பைவிட அதிகமாகத் தலை குனிந்திருந்தான். ஊர்ப் பேச்சு அவன் வீட்டுக்கும் போய், அவன் உம்மா அவனைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும்.

“பெட்ஷீட்டு மாமி” என்றான், தரையைப் பார்த்து.

சத்தியத்தைக் காப்பாற்றுகிறான். பதுருன்னிஸாவுக்கு அவன்மேல் முதல்முறையாக மரியாதை வந்தது. “கொண்டு மேலே வைங்க. மாடி தெறந்துதான் கெடக்கு. உங்க உம்மாகிட்டே நானே வந்து பேசுதேன், எல்லாம் என்னாலே வந்த வினை” என்றாள். இன்று உள்கதவை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டுதான் நின்றாள்.

பெட்டியை வைத்துவிட்டு இறங்கி வந்தவன் தயங்கி நின்றான். “மாமி, இந்த வேலை எனக்கு உண்டா இல்லியான்னு நீங்க இன்னும் சொல்லலே.”

“அதை என்கிட்டே கேக்காதீங்க தம்பி” என்றாள் பதுருன்னிஸா. “வீட்டுக்காரி அடுத்த மாசம் வாறா. அவ கொஞ்ச நாளு தூங்கட்டும். பொறவு வந்து அவகிட்டே கேளுங்க.”